சத்தம் துடைத்த அக்கா

அந்த அக்கா உள்ளே வருவதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. நிமிர்ந்து பார்த்தால் நிற்பார். கையில் துடைப்பக் கட்டை, காலடியில் வாளி. எப்போது கதவைத் திறந்தார், எப்போது வாளியை வைத்தார் என்று தெரியாது. முப்பது நாளுக்கு மேல் அவரைப் பார்த்திருக்கிறேன். பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. எல்லோரும் அக்கா என்றார்கள், நானும் அக்கா என்றேன். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை எந்நேரமும் முதுகு காட்டிக்கொண்டே இருக்கும். கையை நீட்டி அதை ஒருமுறை திருப்பிப் பார்த்திருக்கலாம்.

என் மகள் ஏழாம் மாதத்தில் பிறந்தவள். திருவிடந்தைக்குப் பக்கத்துக் குப்பம் எங்களுடையது. கணவர் தன் அண்ணனோடு ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறார். நான் அப்போது ஈ.சி.ஆர். மேல் இருந்த ஒரு ரிசார்ட்டில் வரவேற்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் யாரோ விருந்தாளிக்கு அறைச் சாவியை எடுத்துக் கொடுக்கும்போதே பனிக்குடம் உடைந்துவிட்டது. ஆம்புலன்ஸில் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனார்கள். குழந்தை ஒரு கிலோ இருநூறு இருந்தது. பச்சிளங்குழந்தைகள் பிரிவில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். பால் கொடுக்கும் நேரத்துக்கு மட்டும் அம்மாக்களை உள்ளே விடுவார்கள். அந்தக் கூடத்தைச் சுத்தம் செய்யும் வேலை அக்காவுக்கு. ஒப்பந்த ஆள். நாற்பத்தைந்து வயது இருக்கும்.

அவரோடு என் முதல் பழக்கம் ஒரு கிண்ணத்தால் வந்தது. ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, கறந்த பாலைச் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போனேன். தையல் வலியில் நிற்க முடியவில்லை. நாற்காலியை இழுப்பதற்காகக் கிண்ணத்தைப் பெட்டியின் மேல் வைத்தேன். உள்ளே மகள் இரண்டு கையையும் விரித்துத் தூக்கிப் போட்டாள். முகம் கோணியது. ரத்தத்தில் ஆக்சிஜனைக் காட்டும் பக்கத்து இயந்திரத்தில் தொண்ணூற்று நான்கு என்றிருந்த எண் எண்பதுக்கு இறங்கி, மணி அடிக்க ஆரம்பித்தது. சிஸ்டர் வந்து சரிசெய்தார். எனக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை.

சிஸ்டர் போன பிறகு அக்கா என் கையைப் பிடித்து, காலியாக இருந்த வேறொரு பெட்டிக்குக் கூட்டிப்போனார். பெட்டியின் பக்கவாட்டில் கை விடுவதற்கு இருக்கிற வட்டத் திறப்பில் காதை வைக்கச் சொன்னார். அந்தக் கிண்ணத்தையே எடுத்து, நான் வைத்ததைப் போலவே மேலே வைத்தார். தகரக் கொட்டகை மேல் தேங்காய் விழுந்தாற்போல இருந்தது. நான் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"நீ வெளிய வச்சது கிண்ணம்மா. உள்ள கீறதுக்கு அது இடி," என்றார். "இன்னும் ரெண்டு மாசம் வவுத்துல இருக்க வேண்டிய பிள்ள. அங்க இந்த சத்தம்லாம் கெடையாது."

திட்டவில்லை. சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் அவரைக் கவனிக்கத் தொடங்கினேன்.

குப்பைத் தொட்டியின் மூடி விழுந்து சத்தம் போடாதபடி அதன் விளிம்பில் முதலில் பஞ்சு ஒட்டியிருந்தாராம். பஞ்சில் கிருமி தங்கும் என்று சிஸ்டர் எடுக்கச் சொல்லிவிட்டார். மறுநாளே, குளுக்கோஸ் ஏற்றுகிற குழாயில் பிரிக்காத புதிய துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, நீளவாக்கில் கீறி, மூடியின் விளிம்பைச் சுற்றி மாட்டிவிட்டார். கழுவலாம், துடைக்கலாம், சிஸ்டருக்கும் மறுபேச்சு இல்லை. வாளியின் கைப்பிடிக்கும் அதேதான். மேசையின் இழுப்பறைகளை மூடும்போது ஒரு விரலை இடையில் கொடுத்து, கடைசியில் அந்த விரலை மெல்ல உருவிக்கொள்வார். கதவின் கீல் முனகினால் வீட்டிலிருந்து கொண்டுவந்த தேங்காய் எண்ணெயைத் தொட்டு வைப்பார். அம்மாக்கள் இரண்டு பேர் பெட்டிகளுக்கு நடுவில் நின்று பேசினால், அவர்கள் காலுக்குப் பக்கத்தில் ஈரத் துடைப்பத்தைக் கொண்டுவந்து, நகர்ந்து நகர்ந்து வெளியே போக வைத்துவிடுவார். யாராவது கோபித்துக்கொண்டால் ஒரே பதில்தான். "காதுக்கும் வவுறு கீதும்மா. நெறைய போட்டா அதுக்கும் செரிக்காது."

சத்தத்தோடு நிற்கவில்லை அவர். பவுடர் போட்டுக்கொண்டு வந்த நாளில் என்னைத் திருப்பி அனுப்பிக் கழுவிவிட்டு வரச் சொன்னார். மல்லிகைப் பூ வைத்துக்கொண்டு வந்த பெண்ணிடம், பிள்ளைக்கு உன்னைத் தெரியாமல் போய்விடும் என்றார். பிள்ளை மோந்துதான் தாயைக் கண்டுபிடிக்கும் என்பது அவர் கணக்கு. சிஸ்டரிடம் அனுமதி கேட்டு, நான் ஒரு இரவு முழுக்க நெஞ்சோடு வைத்திருந்த சுத்தமான துணித் துண்டை மகளின் கன்னத்துக்குப் பக்கத்தில் வைக்கச் செய்தார். அன்று பால் நேரத்துக்குப் போனபோது மகள் மூக்கு அந்தத் துணியில் புதைந்திருந்தது. விரல்கள் மடங்காமல் விரிந்து கிடந்தன. பிறந்ததிலிருந்து முஷ்டியை மூடிக்கொண்டே இருந்தவள். நான் கழிப்பறைக்குப் போய் அழுதேன். அத்தனை நாளும் அவளுக்கு நான் யாரோ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் கணவர் உள்ளே வர மறுத்துக்கொண்டே இருந்தார். அப்பாக்களுக்கும் வாரத்தில் ஒருநாள் அனுமதி உண்டு. எத்தனை முறை குளித்தாலும் தன்மேல் டீசல் வாசனையும் மீன் வாசனையும் போகாது என்று அவருக்குக் கூச்சம். ஒருநாள் கதவோரம் வரைக்கும் வந்து நின்றவரை அக்காதான் பார்த்தார். கை கழுவ வைத்து, மேலங்கி மாட்ட வைத்து, பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். பேசு என்றார். கணவர் கிசுகிசுவென்று ஏதோ ஆரம்பித்தார். மகளின் புருவம் சுருங்கியதை அக்கா பார்த்தார்.

"குசுகுசுன்னு பேசாத தம்பி. அது பாம்பு சீறுற மாதிரி கீது பிள்ளைக்கு. வூட்ல எப்டி பேசுவியோ அப்டி பேசு, கொஞ்சம் கீழ எறக்கி. அவ உன் கொரல வவுத்துலயே கேட்டவ."

 கணவர் தொண்டையைச் செருமினார். பிறகு அன்றைக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, எவ்வளவு தூரம் போனார்கள், நெத்திலி எவ்வளவு, வலையில் ஒரு ஆமை மாட்டியதும் வலையை அறுத்து அதை விட்டதும் என்று அண்ணனிடம் பேசுவதைப் போலச் சொல்லிக்கொண்டு போனார். மகள் கண்ணைத் திறந்தாள். குரல் வந்த பக்கமாகத் தலை ஒரு விரற்கடை திரும்பியது. இயந்திரத்தில் எண் தொண்ணூற்று ஏழு. என் கணவர் பேச்சை நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தார். அக்கா தலையை ஆட்டி, நிறுத்தாதே என்று சைகை காட்டினார். ஆமையின் கதையைக் கணவர் இரண்டாம் முறை சொன்னார்.

அக்காவைப் பிடிக்காதவர்களும் இருந்தார்கள். தலைக்கனம் பிடித்தவள், பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டாள் என்பார்கள். எனக்கும் இரண்டு முறை அப்படி நடந்தது. அவர் காது கேட்காதவர் என்று எனக்குத் தெரிந்தது இருபதாம் நாள் வாக்கில், படிக்கட்டுக்குக் கீழே சாப்பிட உட்காரும் இடத்தில். நான் பக்கவாட்டில் உட்கார்ந்து ஏதோ கேட்டேன், அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். எதிரில் போய் உட்கார்ந்து கேட்டபோது, என் உதட்டைப் பார்த்துப் பதில் சொன்னார். நான் பார்த்த பார்வையிலேயே அவருக்கு விளங்கிவிட்டது.

செய்யூர்ப் பக்கத்து ஊர் அவருக்கு. அவருடைய அப்பா அம்மா அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். கல்யாணமாகி மாமல்லபுரத்துக்கு வந்தவர், ஒரு சிற்பப் பட்டறையில் கல் தேய்க்கிற வேலைக்குப் போயிருக்கிறார். பதினோரு வருடம். தலைக்கு மேல் தகரம், கையில் கல் அறுக்கும் மெஷின், சுற்றிலும் இன்னும் நாலு மெஷின். முகத்துக்குத் துணி கட்டிக்கொள்ள வேண்டும் என்று சொன்னவர்கள் காதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. முதலில் குருவிச் சத்தம் போனது, பிறகு தன் மகன் பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுவது போனது. போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

"உள்ள ஒரு சில்வண்டு கத்திகினே கீதும்மா. தூங்கசொல்லோ, சாப்புடசொல்லோ, ஜெபம் பண்ணசொல்லோ. நிக்கறதே இல்ல. அமைதின்னா இன்னான்னே எனக்கு மறந்து பூச்சு." ஒரு பிடி சோற்றை விழுங்கிவிட்டு, "அதான் அதுங்களுக்காவது இருக்கட்டும்னு பாக்கறேன்," என்றார்.

மூடியைச் சாத்தும்போது சத்தம் வந்ததா என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். கையில் தெரியும் என்றார். உலோகம் அதிர்ந்தால் விரலில் ஏறுமாம். பிள்ளைகளின் முகத்திலும் தெரியும், அதுகள் எதையும் மறைக்காது என்றார். பிறகு, யாரிடமும் சொல்லிவிடாதே, தெரிந்தால் ஒப்பந்தக்காரர் நிறுத்திவிடுவார் என்று கேட்டுக்கொண்டார். சொல்ல மாட்டேன் என்றேன். அவர் கையைத் தொட்டுத்தான் சொன்னேன்.

முப்பதாம் நாளைத் தாண்டிய ஒரு காலை. மகள் ஒன்றரைக் கிலோவைத் தொட்டுவிட்டாள். உடம்போடு உடம்பாக நெஞ்சில் சேர்த்துக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தேன். கூடத்தின் மறுகோடியில் அப்போதுதான் வந்த ஒரு குழந்தையைச் சுற்றி சிஸ்டரும் இரண்டு டாக்டர்களும் நின்றார்கள். அக்கா எனக்கு மூன்றடி தள்ளி, முதுகு காட்டித் துடைத்துக்கொண்டிருந்தார். என் மகளின் இயந்திரம் மணி அடித்தது. காலில் ஒட்டிய வயர் நழுவினாலும் அடிக்கும், அதனால் முதலில் நான் பதறவில்லை. குனிந்து பார்த்தபோது உதடு நீலமாக இருந்தது. மார்பு அசையவில்லை.

அக்கா என்றேன். இன்னொரு முறை அக்கா என்றேன். துடைப்பம் இடமும் வலமுமாகப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கணத்தில் அவருக்குக் கேட்காது என்பது எனக்கு மறந்துவிட்டது என்று சொன்னால் பொய். நன்றாக ஞாபகம் இருந்தது. அதனாலேயே ஆத்திரம் வந்தது. அடிவயிற்றிலிருந்து கத்தினேன். முப்பது நாளாக யாரும் குரல் உயர்த்தாத கூடம் அது. அத்தனை பெட்டிகளிலும் குழந்தைகள் கைகளைத் தூக்கிப் போட்டன. வரிசையாக மணிகள் அடித்தன.

சிஸ்டர் ஓடிவந்து மகளின் உள்ளங்காலை விரலால் சுண்டினார், முதுகைத் தேய்த்தார். அவள் மூச்சை இழுத்தாள். நிறம் திரும்பியது.  பக்கத்தில் நின்றவரிடம் சொல்லாமல் இப்படியா கத்துவது என்று கேட்டார்.

"அவங்களுக்குக் காது கேக்காது சிஸ்டர்," என்றேன். "ரெண்டு தடவ கூப்ட்டேன். காது கேக்காதவங்கள ஏன் இங்க வச்சிகினு கீறீங்க?"

என் முகக்கவசம் கத்தும்போதே தாடைக்கு இறங்கிவிட்டிருந்தது. அக்கா திரும்பி நின்று என் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீதி இருந்த இரண்டு சதுரம் தரையையும் துடைத்து முடித்தார். வாளியைத் தூக்கினார். கதவு திறந்து மூடியது, அப்போதும் சத்தமில்லை.

அவர் மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாள் வேறொரு பெண் வந்தாள். வாளியைத் தரையில் உரச இழுத்துக்கொண்டு வந்தாள். அக்காவைத் துணி துவைக்கும் பகுதிக்கு மாற்றிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். அது அடுத்த கட்டிடம். நடந்தால் ஐந்து நிமிடம். இன்னும் பத்து நாள் அங்கே இருந்தேன், ஒருநாளும் போகவில்லை. போய் என்ன சொல்வது, எதிரில் நின்று உதட்டைக் காட்டித்தானே சொல்ல வேண்டும் என்று நினைத்து நினைத்து நின்றுவிட்டேன். நாற்பத்தொன்றாம் நாள் மகளைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டோம். கிளம்பும் வரைக்கும் அக்கா வருகிறாரா என்று என் கண் ஆஸ்பத்திரி வாசலிலேயே இருந்தது.

மகள் வளர்ந்தாள். நடந்தாள், பேசினாள், கடலைக் கண்டு பயப்படவில்லை. ஆனால் மூன்றரை வயதில் பள்ளிக்கூடத்தில் விட்டபோது மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். காதைப் பொத்திக்கொள்வாள். சோறு தொடமாட்டாள். படிப்பு ஏறாத பிள்ளை என்று டீச்சர் சொல்லிவிட்டார். சிமெண்டு ஓடு போட்ட வகுப்பு, முப்பது பிள்ளைகள், இரும்பு நாற்காலிகள். நான் ஒருநாள் வாசலில் நின்று கேட்டேன். பிள்ளைகள் பாடுவதில் அவளுக்குத் தொந்தரவு இல்லை. நாற்காலி தரையில் உரசும் ஒவ்வொரு முறையும் அவள் தோள் மேலே ஏறியது. அக்காவாக இருந்தால் முதல் நாளே அந்தத் தோளைப் பார்த்திருப்பார் என்று நினைத்தேன்.

கணவர் படகு எஞ்சினுக்கு வைத்திருந்த பழைய ரப்பர் குழாயை எடுத்து, துண்டு துண்டாக நறுக்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் அந்த வகுப்பின் நாற்காலிக் கால்கள் அத்தனைக்கும் மாட்டினோம். மகளை மின்விசிறிக்கு அடியிலிருந்து ஜன்னலோரத்துக்கு மாற்றச் சொல்லிக் கெஞ்சினேன். இரண்டு வாரம் கழித்து டீச்சர் என்னைக் கூப்பிட்டு, பாப்பா மேலே உட்கார்ந்துவிட்டாள், அ எழுதினாள், எல்லாப் பிள்ளைகளுமே கொஞ்சம் அடங்கித்தான் இருக்கிறார்கள் என்றார். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். பெயர் சொல்ல முடியவில்லை என்னால். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அது உறுத்தியது.

அடுத்த வாரமே செங்கல்பட்டுக்குப் போனேன். அதே சிஸ்டர் இருந்தார், கொஞ்சம் நரைத்திருந்தார். அக்காவைப் பற்றிக் கேட்டேன், நான் சொன்னதால்தான் அந்தக் கூடத்து வேலை அவருக்குப் போனது என்றும் சொன்னேன்.

சிஸ்டர் என்னை உட்காரச் சொன்னார். "நீ சொன்னத நான் யார்கிட்டயும் சொல்லலமா. பயத்துல தாய்ங்க பேசுறத நாங்க மனசுல வச்சிக்க மாட்டோம். அன்னிக்கி சாயந்தரம் அவங்களே வந்தாங்க. 'மணி அடிச்சது எனக்குத் தெரியல சிஸ்டர், இனிமே இந்த ரூம்ல நான் இருக்கக் கூடாது'ன்னாங்க. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்."

துவைக்கும் இடத்தில் இயந்திர இரைச்சலில் காதுக்குள் இருப்பது இன்னும் பெருத்துவிட்டதாம். ஒரு மாதத்தில் நின்றுவிட்டார். செய்யூர்ப் பக்கத்து ஊர்ப் பெயரைச் சிஸ்டர் எழுதிக் கொடுத்தார். பெயரையும் சொன்னார். அதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. அவர் வாயால் கேட்காத பெயர்.

மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு பஸ் மாறி, சவுக்குத் தோப்பு ஓரமாக நடந்து, மாதா கோயிலுக்குப் பின்னால் அந்த வீடு. அவருடைய தங்கை வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அக்கா மகனோடு ஓசூருக்குப் போய்விட்டார், அவன் அங்கே கம்பெனியில் இருக்கிறான் என்றார். மகளுக்கு மடி நிறையக் கடலை கொடுத்தார். மகனின் போன் நம்பரையும் கொடுத்தார்.

போன் பேசினால் அவருக்குக் கேட்காது. அதனால் எழுதினேன். நான்கு நாள் எழுதி எழுதி அழித்து, கடைசியில் நீளமாக ஒன்று அனுப்பினேன். கிண்ணம், துணி, ஆமைக் கதை, நான் கொடுத்த வாக்கு, நான் கத்தியது, பள்ளிக்கூட நாற்காலிகள் எல்லாம் அதில் இருந்தன. மன்னிப்புக் கேட்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து மகனிடமிருந்து பதில் வந்தது. "அக்கா, அம்மாகிட்ட காட்டினேன். ரெண்டு தடவ படிச்சாங்க. எந்தப் பாப்பான்னு ஞாபகம் வரலயாம். அந்த மாதிரி நெறைய கத்துவாங்கம்மா, பெத்தவங்க கத்தாம இருப்பாங்களான்னு சொன்னாங்க. தப்பா எடுத்துக்காதீங்க. பாப்பா இப்ப அசந்து தூங்குதான்னு மட்டும் கேக்கச் சொன்னாங்க."

 மூன்றரை வருடம் நான் சுமந்தது அவரிடம் ஒரு பொட்டுகூட இல்லை. ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ அவர் என்னை ஒருமுறை கோபித்துக்கொண்டிருந்தால் போதும் என்றிருந்தது. கணவரிடம் காட்டினேன். "அவங்களுக்கு ஞாபகம் இல்லன்னா இன்னா, நமக்கு கீதே," என்றார். தை பிறந்ததும் ஓசூருக்கு ஒருமுறை போய்வரலாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது. தெருக்கோடியில் காதுகுத்து வீட்டில் ஒலிபெருக்கி கட்டிப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மகள் பாயில் குறுக்காகக் கிடந்து, வாயைத் திறந்தபடி, ஒரு காலை என் மடியில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். காலை நகர்த்தாமல் போனை எட்டி எடுத்து ஒரு படம் பிடித்து அனுப்பினேன். கீழே 'தூங்குறா அக்கா' என்று எழுதினேன்.